தாயாகி வந்த தயை

திருச்சிராப்பள்ளி மலைமேல் எழுந்தருளியிருக்கும் பெருமானுக்குத் தாயுமானவர் என்னும் திருநாமம் வந்த வரலாற்றை அறியாத தமிழர் சிலரே. நிறைகர்ப்பிணியான இரத்தினாவதிக்குத் துணையாகப் புறப்பட்ட அன்னை, காவிரியில் வெள்ளம் பெருகியதால் அக்கரையிலேயே நின்றுவிட, இறைவனே அத்தாயின் உருத்தாங்கி வந்து மகப்பேறு பார்த்தான் என்பது தலபுராணம். சங்கற்ப மாத்திரத்தால் அப்பிரசவத்தைச் சுகமாக முடித்திருக்கக்கூடிய சர்வ வல்லமையுடையவன், ஒரு பெண்ணின் கைகளையும் கண்களையும் ஏற்று அவள் அருகில் வந்து அமர்ந்தது எதனால்?

"கடவுள் காப்பாற்றுவார், மாதந்தோறும் மருத்துவரிடம் போவானேன்?" என்று கேட்போருக்கு அந்த வரலாற்றிலேயே விடை இருக்கிறது. அருள் கைகளின் வழியாக வருவது. அந்தக் கைகளை விலக்குவது பக்தியாகாது.

போற்றித் திருவகவலில் மாணிக்கவாசகர், கருவில் கழியும் பத்துத் திங்களையும் வரிசையாக எண்ணி, ஒவ்வொன்றிலும் உயிர் ஓர் இடரினின்று தப்பி வந்ததைச் சொல்கிறார். திங்கள்தோறும் இடர் உண்டென்றால் திங்கள்தோறும் விழிப்பும் வேண்டுமன்றோ? கர்ப்பகாலத்தில் 8 முறையேனும் பரிசோதனை வேண்டும், அவற்றுள் முதலாவது 12 வாரங்களுக்குள் நிகழவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-இல் வகுத்ததும் அவ்விழிப்பையே. நோவு ஒன்றுமில்லையே என்று ஒரு முறையைத் தவறவிடுவது பேதைமை. ஏனெனில் இரத்த அழுத்தம் ஏறுவதைப் பல சமயங்களில் கர்ப்பிணியே உணர்வதில்லை, சர்க்கரை ஓசையின்றிப் பெருகுகிறது, ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இறங்கியிருப்பதும் வெறும் அசதியாகவே தோன்றிவிடுகிறது.

இறைவன் எத்தனையோ வடிவங்களை விடுத்துத் தாயின் வடிவத்தைத் தேர்ந்ததற்கு எனக்குத் தோன்றும் காரணம் ஒன்றுண்டு: தாயிடம் மட்டுமே ஒரு பெண் கூச்சமின்றி எல்லாவற்றையும் சொல்வாள். பரிசோதனையின் பயன் முழுவதும் அந்தச் சொல்லுதலில் அடங்கியிருக்கிறது. மலச்சிக்கலுக்கு அஞ்சி இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தியதையும், யாரோ கொடுத்த நாட்டு மருந்தை உண்டதையும், விரதம் இருந்ததையும், வீட்டில் படும் துயரத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். மருத்துவரைக் கண்டதும் மறந்துபோகும் ஐயங்களை முன்னாளிலேயே ஒரு தாளில் குறித்துக்கொண்டு, சொன்னதை நினைவில் வைக்கக் கணவனையோ மாமியாரையோ உடனழைத்துச் சென்று, அட்டையில் எழுதப்படும் எண்ணின் பொருள் யாதெனக் கேட்டுத் தெளிந்து திரும்புவதே முறை. கடுந்தலைவலி, கண் மங்கல், முகவீக்கம், உதிரப்போக்கு, சிசுவின் அசைவு குறைதல் ஆகியவற்றுக்கோ அடுத்த தேதி வரை பொறுத்தலும் ஆகாது, அன்றே செல்லவேண்டும்.

கேட்பவருக்கும் இதில் ஒரு தர்மம் உண்டு. ஒரு முறை கடிந்துரைக்கப்பட்ட பெண் மறுமுறை வாய் திறப்பதில்லை; அவள் சொல்லாமல் விட்டது எதுவோ, அதுவே அவள் உயிருக்கு உலையாகவும் கூடும். கூச்சமும் அவசரமும் அவ்விருவர்க்கிடையே காவிரி வெள்ளம்போல் ஓடுகின்றன. ஒருத்தி தயங்காமல் சொல்ல, மற்றொருவர் பொறுமையாய்க் கேட்கும் அந்தச் சில நிமிஷங்களில் அவ்வெள்ளம் வடிகிறது; அன்று தாயாகி வந்த தயையே இன்றும் அங்கு வந்து அமர்கிறது.