பழகிவிடும் என்னும் சொல்

கூண்டின் கதவைத் திறந்து விட்டவன், அதனுள் நடப்பவற்றிற்குப் பொறுப்பாளி ஆவானா? சென்ற ஆண்டு நம் வீட்டுக் கொல்லையில் எழுந்த கேள்வி இது.

அங்கே ஆறு கோழிகள் வளர்ந்து வந்தன. சந்தையிலிருந்து இரண்டு விடைக்கோழிகளை வாங்கி வந்து, மாலையில் அவற்றோடு ஒரே கூண்டில் அடைத்தோம். பழையவை சூழ்ந்து நின்று கொத்தத் தொடங்கின. "புதுசைப் பஞ்சாரத்தில் மூடி வை, மகனே!" என்றார்கள் உம்மா. "பழகிவிடும்" என்று கூறிவிட்டு, நாம் கிதாபைப் புரட்டச் சென்றோம். சுப்ஹுத் தொழுகை முடிந்து வந்து பார்த்தபோது, ஒன்று தலை கிழிந்து இறந்து கிடந்தது. மற்றது மூலையில் ஒடுங்கி நின்றது.

கோழிகளைக் குற்றம் கூற இயலாது. நார்வே நாட்டு ஆய்வாளர் ஷெல்டெருப்-எப்பே 1922இல் வெளியிட்ட ஆய்வில், கோழிக் கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம், யார் யாருக்கு விலக வேண்டும் என்றதொரு வரிசை உண்டென விளக்கினார். வரிசை உறுதிப்பட்டுவிட்டால் கூட்டம் அமைதியடையும். புதியது வந்தாலோ, அதன் இடம் எதுவென மோதித்தான் முடிவாக வேண்டும். நன்மை தீமை பகுத்தறியாத உயிரின்மீது மார்க்கச் சட்டமும் பொறுப்பைச் சுமத்துவதில்லை.

அவ்வாறாயின், இயற்கை செய்ததற்கு மனிதன் என்ன செய்வான் என்று சிலர் கேட்கலாம். நாமும் அன்று அப்படித்தான் நம்மைத் தேற்றிக்கொள்ள முயன்றோம். ஆனால், திறந்த வெளியில் தோற்ற பறவை ஓடித் தப்பிவிடும். கூண்டில் ஓட இடமேது? கொத்தியது இயற்கை, வழியடைத்தது நம் கை. பூனையை அடைத்து வைத்து, உணவும் அளிக்காமல், இரை தேட அவிழ்த்தும் விடாமல் சாகடித்த பெண்ணைப் பற்றிய நபிமொழியை ஆண்டுதோறும் ஓதிக்கொடுப்பவர் நாம். அவள் அதை அடித்துக் கொன்றதாக அதில் இல்லை. இதன் பொருள் நமக்கு அன்றுதான் முழுமையாக விளங்கிற்று.

எஞ்சிய கோழியை உம்மா தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்கள். காயத்திற்கு மஞ்சள் தடவி, மூன்று வாரம் மற்றவற்றின் அருகே செல்லாமல் வேறிடத்தில் வைத்தார்கள். வெள்ளைக்கழிச்சல் போன்ற நோய் ஏதும் இருப்பின் அதற்குள் வெளிப்பட்டுவிடும். அதன்பின் ஒரு வாரம், பகலில் கொல்லை நடுவே பஞ்சாரத்தில் மூடி வைத்தார்கள். மூங்கில் இடுக்கு வழியே ஒன்றையொன்று பார்க்கலாம், கொத்த முடியாது. பிறகு திறந்துவிட்டு, தீனியையும் தண்ணீரையும் மூன்று இடங்களில் வைத்தார்கள். சிறு கொத்துகளைக் கண்டும் காணாதிருந்தார்கள்; "இரத்தம் கண்டால் மட்டும் உடனே பிரித்துவிடு" என்றார்கள். இரத்தத்தைக் கண்ட கோழிகள் நிறுத்தாமல் அவ்விடத்திலேயே கொத்தும்.

அந்நாட்களில் ஒரு மாணவனின் முகம் நம் நினைவை விட்டு அகலவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் வெளியூரிலிருந்து நம்மிடம் ஓத வந்த சிறுவன் அவன். மூத்த மாணவர்கள் தொல்லை தருவதாக இருமுறை வந்து சொன்னான். "பழகிவிடும்" என்றே அவனுக்கும் விடையளித்தோம். மூன்றாம் முறை அவன் சொல்ல வரவில்லை. பெட்டியுடன் ஊர் திரும்பிவிட்டான். அவன் ஓதல் நின்றதற்கு அம்மாணவர்களை மட்டும் குறைகூற இனி நம்மால் ஆகாது.

பழகிவிடும் என்பது பொய்யன்று. ஆனால், பழகுவதற்கு வேண்டிய காலமும் இடமும் ஒதுங்க ஒரு மறைவும் அமைத்துக் கொடுத்தவர் கூறும்போதே அது பொறுமையின் சொல்லாகும். ஏதும் செய்யாதவர் கூறினால், அது சோம்பலின் சொல். நம் இல்லங்களுக்குப் புதிதாக வரும் மருமகளிடமும் இச்சொல்லைக் கூறுகிறோம். கூறுமுன் நாம் செய்து வைத்தது என்ன என்று ஒருகணம் எண்ணிப் பார்ப்போமாக!

அந்தக் கோழி இன்றும் மற்றவை தின்ற பிறகுதான் தின்கிறது. ஆயினும், அச்சமின்றித் தின்கிறது.