அறிக்கையும் ஒப்புரவும்

செபமும் பாவ அறிக்கையும் ஆன்மிக எழுப்புதலுக்கு வழி என்பது கிறித்தவ மறையின் தொன்மையான கோட்பாடு. ஆயின், பாவத்தை எவரிடம் அறிக்கையிடுவது? இறைவனிடம் உரைத்தால் போதுமா? தீங்கு அடைந்த அயலானிடமும் செல்லுதல் வேண்டுமா? இவ்வினாவைச் சிறிது ஆராய்வோம்.

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைச் சிற்றூர்கள் இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற நிலம். 1956 நவம்பர் 1ஆம் நாள் விளவங்கோடும் கல்குளமும் தமிழகத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லை பிரிந்தும் தமிழ்ச் செபம் பிரியவில்லை. இங்கே கத்தோலிக்கக் கோயிலும், இலண்டன் மிஷன் வழிவந்து 1947இல் தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்த சபையும் அருகருகே வாழ்கின்றன. முன்னதில் ஒருவர் குருவிடம் தனித்து அறிக்கையிடுவார். பின்னதில் சபையார் ஒருங்கே அறிக்கையிடுவர்.

முன்னாளில் பாவசங்கீர்த்தனம் எனப்பட்டதை இன்று கத்தோலிக்கர் ஒப்புரவு அருட்சாதனம் என்கின்றனர். ஒப்புரவு என்பது தமிழர்க்குப் புதிய சொல்லன்று. திருக்குறளின் 22ஆம் அதிகாரம் ஒப்புரவறிதல். அங்கே அது கைம்மாறு கருதாது உலகிற்கு உதவுதலைக் குறிக்கும். இங்கே முறிந்த உறவு சீராதலைக் குறிக்கும். பொருள் வேறாயினும் அடிப்படை ஒன்றே: பிறரை நீக்கித் தனித்து நிற்கும் நன்மை நன்மையாகாது.

இயேசு பெருமானின் போதனையும் இதுவே. காணிக்கை செலுத்த வந்தவன், சகோதரனுக்குத் தன்மேல் மனக்குறை உண்டென நினைவுகூர்ந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனோடு ஒப்புரவாக வேண்டும் என்றார். வரிதண்டிய சகேயு மனம் திரும்பியபோது, வஞ்சித்துப் பெற்றதை நான்மடங்காய்த் திருப்பித் தர முன்வந்தான். அவனது அறிக்கைக்குக் கண்ணீர் சான்றன்று. கொடுத்த பொருளே சான்று.

1860இல் திருநெல்வேலிச் சீமையில் அருளப்பனாரின் ஊழியத்தில் தோன்றிய எழுப்புதலில், பலர் தம் பாவங்களை வெளிப்படையாய் அறிக்கையிட்டு அழுதனர். அவ்வழுகை இகழத்தக்கதன்று, இறுகிய நெஞ்சம் இளகியதன் அடையாளம் அது. ஆயினும் அழுகையே எழுப்புதலுக்கு அளவுகோலாகுமா? அயலானின் எல்லைக்கல்லை நகர்த்தி வைத்தவன் இரவெல்லாம் முழந்தாளிட்டு அழுகிறான். விடிந்தபின்னும் அக்கல் நகர்த்திய இடத்திலேயே நிற்கிறது. அங்கே எழுந்தது யாது?

எல்லாப் பாவத்தையும் அம்பலத்தில் கூறுக என்பதன்று நம் கருத்து. அவ்வாறு கூறுதல் சில வேளை குற்றமற்றோரைப் புண்படுத்தும். சில வேளை கூறுவோனுக்கே பெருமையாகிவிடும். தீங்கு எவ்வளவு தூரம் சென்றதோ, அவ்வளவு தூரம் அறிக்கையும் செல்ல வேண்டும். உள்ளத்தோடு நின்ற பாவம் இறைவன்முன் நிற்கட்டும். அயலானைத் தொட்ட பாவம் அயலான் வாயிலுக்குச் செல்லட்டும்.

ஊர் செய்த பாவம் ஊர் முழுதும் செல்ல வேண்டும். திருவிதாங்கூரில் அடிமைமுறை 1855இல் சட்டத்தால் ஒழிந்தது. சாதி உள்ளத்தினின்று ஒழிய அச்சட்டம் போதவில்லை. ஒரே அப்பத்தைப் பகிர்ந்துண்டபின் மண உறவில் சாதி தேடும் சபை எதுவாயினும், அதன் பொது அறிக்கையில் ஒரு வரி இன்னும் சொல்லப்படாமல் இருக்கிறது.

செபம் மனிதனை முழந்தாளிடச் செய்கிறது. அறிக்கை உண்மை பேசச் செய்கிறது. ஒப்புரவோ அவனை எழுந்து நடக்கச் செய்கிறது. அந்நடை தொடங்கும் இடத்திலேயே எழுப்புதலும் தொடங்குகிறது.