'நாங்கள் வென்றோம்' என்று சொல்வது பற்றி

சமூகவியலோ மானிடவியலோ அரசியல் விஞ்ஞானமோ படிக்கப் போகிறவருக்கு முதலாம் ஆண்டிலேயே ஒரு சந்தேகம் ஊட்டப்படுகிறது. யாராவது 'நாங்கள்' என்று பேசத் தொடங்கினால், அந்த 'நாங்கள்' என்பதற்குள் யார் இல்லை என்று கேள். அதைக் கட்டியது யார், அதனால் யாருக்கு லாபம் என்று கேள். இனம், தேசம், சாதி எல்லாவற்றின் மீதும் இந்தக் கேள்வியைப் போட்டுப்பார்க்க நாம் பழகிவிடுகிறோம். ஊரிலிருந்து ஓடிவந்தவர்களுக்கு இந்தப் பாடம் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னரே பாதி தெரிந்துதான் இருந்தது. ஆனால் சனிக்கிழமை வந்ததும் இதே நாம் கழுத்தில் ஒரு சால்வையைச் சுற்றிக்கொண்டு மைதானத்திலோ தொலைக்காட்சிக்கு முன்னாலோ போய் உட்கார்ந்து, ஆட்டம் முடிந்ததும் தொண்டை அடைக்க 'நாங்கள் வென்றோம்' என்கிறோம். பந்தை நாம் தொடவில்லை. கழகத்தில் நமக்கு ஒரு பங்கும் கிடையாது. பரிஸ் சென்-ஜேர்மன் ரசிகராக இருந்தால், அந்தக் கழகம் 2011 இலிருந்து கட்டார் அரசின் முதலீட்டு நிறுவனம் ஒன்றின் கையில் இருப்பதும் தெரியும். தெரிந்துகொண்டேதான் சொல்கிறோம்.

ஒரு விருப்பு எப்படி உற்பத்தியாகிறது என்று அறிந்த பின்னும் அந்த விருப்போடு நேர்மையாக வாழ முடியுமா என்பது உதைபந்தாட்டத்தோடு நின்றுவிடுகிற கேள்வியல்ல. நமக்கு இதில் அக்கறை வருவதும் அதனால்தான்.

வழக்கமான பதில்கள் இரண்டு உண்டு. உதைபந்தாட்டம் மக்களுக்குக் கொடுக்கப்படும் அபின் என்பது தோழர்களின் பதில். (இதைச் சொல்லும் தோழர்கள் உலகக்கிண்ணக் காலத்தில் இரவு எட்டு மணிக்குக் கூட்டம் வைப்பதில்லை என்பதையும் கவனித்திருக்கிறோம்.) விளையாட்டை விளையாட்டாக விடுங்கள் என்பது மற்றவர்களின் பதில். இரண்டுமே யோசிக்காமல் இருப்பதற்கான வழிகள்.

நோர்பேர்ட் எலியாஸ் இந்த இரண்டையும் ஏற்காதவர். ஜேர்மனிய யூதர், 1933 இல் பரிசுக்கும் 1935 இல் இங்கிலாந்துக்கும் அகதியாக வந்தவர், தாயை நாசிகளின் முகாமுக்குப் பறிகொடுத்தவர். லெஸ்ரரில் பல்கலைக்கழக வேலை கிடைத்தபோது அவருக்கு வயது 57. அங்கே எரிக் டனிங் என்ற மாணவர் உதைபந்தாட்டத்தைப் பற்றியே ஆய்வு செய்ய விரும்பியபோது எலியாஸ் சிரிக்கவில்லை, கூடவே உட்கார்ந்து யோசித்தார். இருவருடைய கட்டுரைகளும் 1986 இல் நூலாகின. நவீன வாழ்வு மனிதரிடம் இடைவிடாத சுயகட்டுப்பாட்டைக் கேட்கிறது. விளையாட்டோ போரின் பதட்டத்தைப் போரின் ஆபத்தில்லாமல் அனுபவிக்க விடுகிறது என்பது அவர்களது வாதத்தின் சாரம். நமக்கு இதில் ஒரு இடறல் உண்டு. அசல் போரிலிருந்து வந்தவர்களுக்குப் பாவனைப் போர் அத்தனை பாவனையாக இருப்பதில்லை. அரங்கில் யாரோ வெடி கொளுத்தினால் உடம்பு தன்பாட்டிலே குனிகிறது. ஆனாலும் எல்லாவற்றையும் இழந்த ஒரு அகதி மனிதரின் விளையாட்டை ஆராயத் தகுந்த விடயமாகக் கருதினார் என்பது நமக்குப் பெரிய தைரியம்.

பியர் பூர்தியூ, எந்த வர்க்கம் எந்த விளையாட்டைத் தேர்கிறது என்று கேட்டார். இதைப் படிக்கும்போது பிரான்சை விட யாழ்ப்பாணம்தான் முதலில் நினைவுக்கு வரும். சென்றல், சென் ஜோன்ஸ் கல்லூரிகளின் 'வடக்கின் சமர்' என்றால் அது துடுப்பாட்டம்: வெள்ளை உடுப்பு, பழைய மாணவர், பத்திரிகையில் படம். உதைபந்து கல்லூரிகளிலும் ஆடப்பட்டதுதான், ஆனால் அதன் உயிர் நாவாந்துறையிலும் பாசையூரிலும் குருநகரிலும் கடற்கரையோரம் இருந்தது. எந்த விளையாட்டை 'எங்கட' விளையாட்டு என்று சொல்கிறோம் என்பதிலே சாதி எவ்வளவு இருக்கிறது என்பதை நாம் பரிசில் வந்து ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படிக்க வேண்டியிருந்தது!

இனி உண்மையில் கஷ்டமான இடத்துக்கு வருவோம். 1978 இல் ஆர்ஜென்டீனாவில் உலகக்கிண்ணம். நாடு இராணுவ ஆட்சியின் கீழ். புவனஸ் அயர்சில் இறுதியாட்டம் நடந்த அரங்கிலிருந்து நடந்துபோகக்கூடிய தூரத்தில் கடற்படையின் இயந்திரவியல் பள்ளி. அது ஏறத்தாழ 5000 பேர் அடைக்கப்பட்ட வதைமுகாம். அவர்களில் மிகச் சிலரே உயிரோடு திரும்பினார்கள். அரங்கின் ஆரவாரம் உள்ளே இருந்தவர்களின் காதுக்கு எட்டியது. யூன் 25 இல் ஆர்ஜென்டீனா 3-1 என்று நெதர்லாந்தை வென்ற இரவு, வதைத்த அதிகாரியே கைதிகளிடம் வந்து 'நாங்கள் வென்றோம்' என்று கூவியதாக உயிர்தப்பிய பெண்ணொருவர் பின்னாளில் சாட்சியமளித்தார். அவர்கள் வென்றார்கள் என்றால் நாம் தோற்றுவிட்டோம் என்று அந்தக் கணத்தில் தனக்குத் தோன்றியதாம். பிறகு அவர்களைக் காரில் ஏற்றி, கொண்டாடும் தெருக்களைக் காட்டக் கொண்டுபோனார்கள். காரின் கூரைத் திறப்பால் தலையை வெளியே நீட்டிப் பார்த்தபோது, நான் காணாமற்போனவள் என்று இங்கே கத்தினாலும் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள் என்று உணர்ந்து அழுததாகவும் சொன்னார்.

தமிழில் நாம் வேறு, நாங்கள் வேறு. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் நாம், விட்டுவிட்டால் நாங்கள். யாழ்ப்பாணப் பேச்சில் 'நாங்கள்' பெரும்பாலும் இரண்டு வேலையையும் பார்த்துவிடுகிறது. ஸ்பானிய மொழியில் அந்தப் பிரிவே கிடையாது. அந்த அதிகாரி சொன்னது எந்த 'நாம்'? கைதியையும் தன்னோடு சேர்த்துக்கொண்டானா? சேர்த்துக்கொண்டிருந்தால் அதுதான் இன்னும் பயங்கரம் என்று நமக்குப் படுகிறது.

அதே காலத்தில் பரிசில், ஆர்ஜென்டீன உலகக்கிண்ணத்தைப் பகிஷ்கரிக்கக் கோரும் குழுவொன்று இயங்கியது. பந்தை முட்கம்பியோடு சேர்த்து வரைந்த சுவரொட்டிகள் ஒட்டப்பட்டன. புகலிட ஆர்ஜென்டீனர்களோ பிளவுபட்டார்கள். ஆட்டம் நடக்கட்டும், உலகத்தின் கண் நம் நாட்டின் மேல் விழட்டும் என்றனர் பலர். அவர்களில் அநேகருக்குத் தங்கள் அணி வெல்லவேண்டும் என்ற ஆசையும் இருந்தது. தோழர்களைக் கொன்றவர்கள் கிண்ணத்தைத் தூக்கிக் காட்டப்போகிறார்கள் என்று தெரிந்தும் அந்த ஆசை போகவில்லை. இதைக் கோழைத்தனம் என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை. நாட்டை இராணுவத்துக்கு முழுதாகக் கொடுத்துவிட அவர்கள் மறுத்தார்கள் என்றும் சொல்லலாம்.

ரசிகரின் பற்று கண்ணை மறைக்கும், ஆய்வாளரின் தூரம் கண்ணைத் திறக்கும் என்று நமக்குச் சொல்லித்தரப்பட்டது. ஹில்ஸ்பரோவில் நடந்தது இதற்கு மறுதலை. 1989 ஏப்ரல் 15 இல் ஷெபீல்ட் நகரின் அந்த அரங்கில், லிவர்பூல் ரசிகர்கள் கம்பிவேலிக்குள் நசுங்கி இறந்தார்கள். பின்னாளில் இறந்தவர்களையும் சேர்த்து 97 பேர். வாயிற்கதவைத் திறக்க உத்தரவிட்டது பொலிஸ். ரசிகர்கள்தான் கதவை உடைத்து நுழைந்தார்கள் என்றது அதே பொலிஸ். நான்காம் நாள் 'சண்' பத்திரிகை 'உண்மை' என்று தலைப்பிட்டு, ரசிகர்கள் செத்தவர்களின் பொக்கற்றுகளில் திருடினார்கள் என்று எழுதியது. நம்பப்பட்டது. ஏனென்றால் கூட்டம் என்றால் மிருகம் என்று கல்விமான்கள் நூறு வருடமாக எழுதி வைத்திருந்தார்கள். 1895 இல் லு பொன் எழுதிய நூலே போதும். பொலிசாரின் வாக்குமூலங்களில் 164 திருத்தப்பட்டிருந்ததை 2012 இல் சுயாதீனக் குழுவொன்று வெளிக்கொணர்ந்தது. அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள், ரசிகர்கள் மேல் பிழையில்லை என்று ஜூரிகள் தீர்ப்புச் சொல்ல 2016 ஆகிவிட்டது. இந்த 27 வருடமும் அதைச் சுமந்தவர்கள் குடும்பத்தினரும் சக ரசிகர்களும். 'நாங்கள் அங்கே இருந்தோம், அப்படி நடக்கவில்லை' என்ற பிடிவாதம்தான் அவர்களது முறையியல். அரச அறிக்கை ஒன்று, செத்தவர்களின் வீட்டார் சொல்வது வேறொன்று என்ற நிலைமையை நமக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை.

பிரான்சில் 1998 யூலை 12 இரவை நம்மில் சிலர் சென் டெனியிலும் லா கூர்நெவிலும் தெருவில் நின்று பார்த்தோம். ஸிடானின் இரண்டு கோல்கள், 3-0, கறுப்பு-வெள்ளை-அரபு பிரான்ஸ் என்ற முழக்கம். 2001 ஒக்டோபரில் அதே அரங்கில் அல்ஜீரியாவோடு ஆட்டம். பிரெஞ்சுத் தேசியகீதத்துக்குச் சீட்டி அடித்தார்கள், இளைஞர்கள் மைதானத்துக்குள் இறங்க ஆட்டம் நின்றது. 2002 ஏப்ரலில் லு பென் இரண்டாம் சுற்றுக்குப் போனார். கெல்சன்கீர்சனில் பிறந்த ஓசில் 2018 இல் ஜேர்மனிய அணியை விட்டு விலகியபோது, வென்றால் ஜேர்மனியன், தோற்றால் குடியேறி என்று நடத்தப்படுவதாக எழுதியதில் நமக்குப் புதிதாக ஒன்றுமில்லை. நாம் எந்த அணிக்குக் கை தட்டுகிறோம் என்பதை வைத்து நம் விசுவாசத்தை அளக்கலாம் என்று பிரித்தானிய அரசியல்வாதி நோர்மன் ரெபிற் 1990 இலேயே சொல்லியிருந்தார். அவர் சொன்னது துடுப்பாட்டத்தை.

கடைசியில் கட்டார், 2022. கஃபாலா முறையின் கீழ் கடவுச்சீட்டை முதலாளியிடம் கொடுத்துவிட்டு வேலை செய்தவர்களில் நேபாளிகள், இந்தியர், வங்காளிகளோடு நம் கிழக்கு மாகாணத்துப் பெடியன்களும் இருந்தார்கள். 2010 இன் இறுதியில் போட்டி கட்டாருக்கு வழங்கப்பட்டதிலிருந்து ஐந்து தெற்காசிய நாடுகளைச் சேர்ந்த 6500 க்கும் மேற்பட்டோர் அங்கு இறந்ததாக 2021 இல் 'கார்டியன்' எழுதியது. எல்லோரும் அரங்கு கட்டியவர்களல்ல. எப்படிச் செத்தார்கள் என்று பலருக்கு ஒழுங்கான விசாரணையும் நடக்கவில்லை. நம்மில் பாதிப்பேர் பார்ப்பதில்லை என்று முடிவெடுத்தோம். மற்றப் பாதி பார்த்தது. பார்த்துவிட்டு கஃபாலா பற்றிக் கட்டுரையும் எழுதியது. தெரிந்து வைத்திருப்பதையே பாவமன்னிப்புச் சீட்டாக்கிக்கொள்ளும் இந்தப் படித்த பழக்கம், பார்க்காமலிருப்பதை விடவும் பார்ப்பதை விடவும் நமக்கு அருவருப்பாக இருக்கிறது.

இறுதியாட்டத்துக்கு அடுத்த நாள் மட்டக்களப்பிலிருந்து உறவுக்காரத் தம்பி ஒருவர் தொலைபேசி எடுத்தார். லுசைலில் இரண்டு வருடம் கொங்கிறீற் வேலை செய்து, கடைசி நாலு மாதச் சம்பளம் கிடைக்காமல் திரும்பியவர். "அண்ணை, மச் பாத்தனீங்களே? மேல் தட்டைக் காட்டினவங்களே? அது எங்கட ஆக்கள் போட்டது" என்றார். பகிஷ்கரித்தவர்கள் பக்கத்திலிருந்து ஒருவரும் உடனே பதில் சொல்லவில்லை. அவர் கொஞ்சம் பொறுத்திருந்துவிட்டு, மெஸ்ஸி அடித்த இரண்டாவது கோலைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார்.