கலங்கும் தாய்க்குக் கைகொடுப்போம்!

கருவறையின் இருளிலே நமக்கு உருவம் தந்து, உயிர் தந்து, உணவும் தந்து இவ்வுலகிற்குக் கொணர்ந்த வல்ல நாயன் அல்லாஹ்வைப் புகழ்கின்றோம். அவனுடைய இறுதித் தூதர் முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!



மிம்பரில் நின்று பேசாத ஒரு விஷயத்தை இம்மாதம் உங்கள் முன் வைக்கிறோம். ஆண்கள் இதைப் பேசுவதில்லை. பெண்களும் அடுப்படியில் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள். கருவுற்ற முதல் மூன்று மாதங்களில் ஒரு பெண்ணின் நெஞ்சு படும் பாடுதான் அது. இதில் நாம் பாடம் சொல்ல வந்தவர் அல்லர், பாடம் கற்றுக்கொண்டவர். கற்ற விதத்தையே முதலில் சொல்லிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் துணைவியார் கருவுற்றிருந்தபோது, ஆறாம் வாரத்தில் முதல் ஸ்கேன் எடுக்க அழைத்துச் சென்றோம். கருப்பை தெரிகிறது, கருவின் பையும் தெரிகிறது, இதயத் துடிப்பு மட்டும் தெரியவில்லை என்றார் டாக்டரம்மா. "நாள் கணக்கில் முன்பின் இருக்கலாம். பத்து நாள் கழித்து வாருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

வீடு வந்ததும் அவர்கள் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார்கள். நாமோ ஏழு ஆண்டு மதரஸாவில் ஓதியவராயிற்றே! சபுரைப் பற்றி ஆயத்துகளை அடுக்கினோம். தவக்குலைப் பற்றி ஹதீஸ்களை எடுத்துரைத்தோம். கேட்டுக்கொண்டே இருந்தவர்கள் கடைசியில் மெல்லச் சொன்னார்கள்: "நீங்க சொல்றதெல்லாம் எனக்குத் தெரியும். இப்ப பயான் வேணாம். கொஞ்ச நேரம் பக்கத்துல உட்காருங்க."

நாம் வாயடைத்துப் போனோம். பெண்களுக்குரிய சட்டங்களைப் பக்கம் பக்கமாக ஓதியிருக்கிறோம். கலங்கி நிற்கும் ஒரு பெண்ணின் பக்கத்தில் உட்காருவது எப்படி என்பதை ஓதினோமா? ஓதியிருந்தோம், கவனிக்கத்தான் தவறிவிட்டோம்.

முதலில் தண்ணீர், பிறகு வார்த்தை

அன்னை மர்யம் (அலை) அவர்களை நினைத்துப் பாருங்கள். பிரசவ வேதனை அவர்களைப் பேரீச்ச மரத்தடிக்குக் கொண்டு வருகிறது. துணைக்கு ஒருவரும் இல்லை. இதற்கு முன்பே நான் இறந்து போயிருக்கக் கூடாதா என்று அந்தப் பரிசுத்தவதி வேதனையில் புலம்பியதை அருள்மறை மறைக்காமல் எடுத்துரைக்கிறது. அப்போது இறைவனிடமிருந்து வந்த மறுமொழி யாது? "இப்படிப் பேசலாமா?" என்ற கண்டிப்பா? இல்லை. கவலைப்படாதே என்ற ஆறுதல் வந்தது; கூடவே காலடியில் ஓடும் நீரோடை காட்டப்பட்டது; மரத்தை உலுக்கினால் கனிந்த பழம் உதிரும் என்று சொல்லப்பட்டது; உண்டு பருகிக் கண் குளிர்ந்திரு என்றும் சொல்லப்பட்டது. ஊராருக்கு என்ன பதில் சொல்வது என்ற பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான்!

ஹிரா குகையிலிருந்து நடுங்கியவாறு இறங்கி வந்த பெருமானார் (ஸல்) அவர்களிடம் அன்னை கதீஜா (ரலி) அவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள்? போர்த்துங்கள் என்றார்கள் பெருமானார், உடனே போர்த்திவிட்டார்கள். நடுக்கம் தணியும்வரை காத்திருந்தார்கள். நடந்ததைக் கேட்டறிந்த பின்னரே, அல்லாஹ் உங்களைக் கைவிடமாட்டான் என்னும் கருத்தில் ஆறுதல் மொழிந்தார்கள். போர்வை முந்தியது, வார்த்தை பிந்தியது. இந்த வரிசையைத்தான் நாம் நம் வீட்டில் தலைகீழாக மாற்றிவிட்டோம்.

நபி மூஸா (அலை) அவர்களின் தாயாரையும் பாருங்கள். குழந்தையைத் திருப்பித் தருவதாக அல்லாஹ்வே வாக்களித்திருந்தான். இருந்தும் ஆற்றில் விட்ட பின் அத்தாயின் நெஞ்சம் வெறுமையாகிவிட்டது என்கிறது குர்ஆன். இறைவனே உள்ளத்தை உறுதிப்படுத்தாவிட்டால் உண்மையை வெளிப்படுத்தியே இருப்பார்கள். அந்த நேரத்தில் ஆற்றங்கரையோரம் குழந்தையைக் கண்காணித்துச் சென்றவர் யார்? ஒரு பெண், அக்குழந்தையின் சகோதரி. வஹீ வந்த தாய்க்கே கலக்கம் உண்டு, துணையும் தேவை என்றால், நம் வீட்டுப் பெண் கலங்குவதை ஈமான் குறைவென்று சொல்ல நாம் யார்?

மாமி வந்தார்கள்

மறுநாள் அடுத்த தெருவிலிருந்து ஒரு மாமி வந்தார்கள், கையில் தூக்குச் சட்டியில் கஞ்சியோடு. நம் துணைவியாரைச் சாப்பிட வைத்த பிறகே பேச்சைத் தொடங்கினார்கள். "ரத்தம் படுதா புள்ளே? வயித்து வலி, தலைசுத்தல் இருக்கா?" இல்லை என்றதும், "இருந்தா அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போயிரணும், என்னையும் கூப்பிடணும். இல்லேன்னா பத்து நாளையும் ஒவ்வொரு நாளாக் கடத்துவோம்" என்றார்கள்.

பிறகு தம் கதையைச் சொன்னார்கள். "எனக்கும் ரெண்டு தடவை இப்படித்தான் பை மட்டும் தெரிஞ்சுச்சு. ஒரு தடவை துடிப்பு வந்துச்சு, இன்னொரு தடவை வரல. உனக்கு எதுன்னு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். எதுவா இருந்தாலும் நான் வருவேன்."

சகோதரிகளே, இந்தச் சொல்லை எடை போட்டுப் பாருங்கள். "ஒன்றும் ஆகாது" என்ற பொய் வாக்குறுதி இதில் இல்லை. "இன்னார் மகளுக்கும் இப்படித்தான் ஆகி..." என்ற அச்சமூட்டும் கதையும் இல்லை. உண்மை இருக்கிறது, கூடவே துணையும் இருக்கிறது. அந்தப் பத்து நாளும் மாமி வந்தார்கள். ஆறேழு வாரத்தில் வயிற்றின் மேலாகச் சரிவரத் தெரியாவிட்டால் உள்வழியாகப் பார்ப்பார்கள், கூச்சப்பட்டாலும் பயப்பட வேண்டாம் என்று, நாம் சொல்ல இயலாததையும் அவர்கள்தான் சொன்னார்கள்.

பத்தாம் நாள் மாமியும் உடன் வந்தார்கள். துடிப்பு வரவில்லை. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். மாமி ஒன்றும் பேசவில்லை. நம் துணைவியாரின் கையைப் பிடித்துக்கொண்டு, வீடு வரும்வரை விடவேயில்லை.

மறைப்பதும் உண்டு, சொல்வதும் உண்டு

மூன்று மாதம் ஆகும்வரை யாரிடமும் சொல்லாதே என்பது நம் குடும்பங்களில் வழக்கம். கண்ணேறு உண்மை என்பது ஸஹீஹான ஹதீஸில் வந்துள்ளது. எனவே ஊரெல்லாம் பறைசாற்ற வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் பிறரிடம் சொல்லாத காரணத்தால் அப்பெண் தனித்துப் போகிறாளே, அதைச் சிந்தித்தோமா?

நம் பாட்டிமார் காலத்தில் ஐந்தாம் மாதத்தையொட்டி வயிற்றில் அசைவு தெரிந்த பின்புதான் உறுதி. கிளாஸ்கோ நகர மருத்துவர் இயன் டொனால்டும் அவருடைய தோழர்களும் ஒலியலையால் கருப்பையைப் பார்க்கும் முறையை 1958-இல் மருத்துவ உலகிற்கு அறிவித்தார்கள். இன்று ஆறாம், ஏழாம் வாரத்திலேயே துடிப்பைத் தேடுகிறோம். 11 முதல் 14 வாரத்திற்குள் ஒரு ஸ்கேன், 18 முதல் 20 வாரத்திற்குள் உறுப்புகளைப் பார்க்க மற்றொன்று. ஒவ்வொன்றும் ஒரு பரீட்சை போலாகிவிட்டது. கவலை முன்கூட்டியே வந்துவிட்டது. ஆறுதல் மட்டும் மூன்று மாதம் பொறுத்து வருவது நியாயமா?

நபி யூஸுஃப் (அலை) அவர்கள் கண்ட கனவைச் சகோதரர்களிடம் சொல்ல வேண்டாம் என்று தடுத்தார்கள் அவர்களுடைய தந்தை. ஆனால் அந்தத் தந்தையிடம் யூஸுஃப் (அலை) அவர்கள் சொல்லியிருந்தார்களே! பொறாமைக்காரரிடம் மறைப்பது முறை. அன்புள்ளவரிடம் சொல்வதும் முறை. நம்பிக்கைக்குரிய இரண்டு, மூன்று பெண்களிடமாவது சொல்லி வையுங்கள். கேட்டவர்கள் அதை அமானிதமாகக் காக்கட்டும்.

ஸ்கேன் பற்றிய ஐயங்கள்

கருவறையில் உள்ளதை அறிபவன் அல்லாஹ்வே என்றிருக்க, ஸ்கேன் பார்ப்பது கூடுமா என்று சிலர் கேட்கிறார்கள். அவன் படைத்து முடித்ததைக் கருவி பார்க்கிறது, அவ்வளவே. அந்தக் கரு தங்குமா, பிறக்குமா, அதன் ரிஸ்க் எவ்வளவு, ஆயுள் எவ்வளவு என்பதை எந்தக் கருவி சொல்லும்? நோய்க்கு மருந்து செய்யுங்கள் என்று ஏவிய நபி (ஸல்) அவர்களின் உம்மத்து, நோயைக் கண்டறிவதை வெறுக்கலாகாது. இது எக்ஸ்ரே அன்று, ஒலியலைதான். பெண் மருத்துவரைத் தேடுங்கள். கிடைக்காதபோது நிர்ப்பந்தத்திற்குச் சட்டத்தில் இடமுண்டு. வயிற்றில் தடவும் பசை நஜீஸ் அன்று. துடைத்துக் கழுவிவிட்டு உளூச் செய்துகொள்ளலாம்.

ஆணா பெண்ணா என்று மட்டும் கேட்காதீர்கள். 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி நம் நாட்டில் அதைச் சொல்வது குற்றம். சட்டம் ஒருபுறமிருக்க, பெண் பிறந்த செய்தி கேட்டு முகம் கறுத்துப் போன அறியாமைக் காலத்தாரைக் குர்ஆன் எப்படிக் கண்டிக்கிறது! "மூத்தது பொட்டப்புள்ள, இதாவது ஆம்பளயா இருக்கணும்" என்று சொல்லும் மாமியார், அந்தப் பழைய கறுப்பைத்தான் தம் முகத்தில் பூசிக்கொள்கிறார்.

கருக்காலத்தில் இரத்தம் கண்டால் முதலில் மருத்துவரிடம் செல்லுங்கள். தொழுகையைப் பொறுத்தவரை, ஹனஃபி மத்ஹபில் அது ஹைளு ஆகாது, தொழ வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில் ஹைளின் நிபந்தனைகள் பொருந்தினால் ஹைளாகவே கொள்ளப்படும். கரு கலைந்த பின் வரும் இரத்தத்திலும் இரு மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உண்டு. வெட்கப்படாமல் கேட்டறியுங்கள், கேட்கக் கூச்சமாக இருந்தால் ஆலிமின் வீட்டாரிடம் கேட்டனுப்புங்கள்.

இழப்பு நேர்ந்தால்

ஆரம்ப மாதங்களில் கலையும் கருக்களில் ஏறத்தாழ பாதி, கருவின் குரோமோசோம்களிலேயே நேர்ந்த குறையால் கலைகின்றன என்கிறது மருத்துவம். அப்படியிருக்க, "குடம் தூக்கினாயா, மாடி ஏறினாயா, எங்கே போய் எதை மிதித்தாய்?" என்று விசாரணை நடத்துவது எவ்வளவு பெரிய அநியாயம்! இழந்தவள் அவள்; அவளையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதா?

அவள் அழட்டும். அருமை மகனார் இப்ராஹீம் மரணித்தபோது நம் பெருமானார் (ஸல்) அவர்களின் கண்கள் நீர் சொரிந்தன. தாங்களுமா அழுகிறீர்கள் என்று வியந்த தோழரிடம், அது இரக்கம் என்றே விளக்கினார்கள். முஃமினைத் தீண்டும் கவலையும் துக்கமும், காலில் தைக்கும் முள்ளும்கூட, பாவங்களுக்குப் பரிகாரமாகின்றன என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வந்துள்ள நற்செய்தி. கலைந்த கருவும் பொறுமை காத்த தாயைச் சுவனத்தின்பால் ஈர்த்துச் செல்லும் என்ற கருத்தில் இப்னு மாஜாவில் ஓர் அறிவிப்புண்டு. அதன் தொடர் பலவீனமானது என்பார்கள் ஹதீஸ்கலை அறிஞர்கள் பலர். ஆயினும் அல்லாஹ்வின் ரஹ்மத் பலவீனமானதன்று.

நாம் கண்ட பெருந்தன்மை

நம் தெருவில் அப்போது இன்னொரு இளம்பெண்ணும் கருவுற்றிருந்தாள். நம் துணைவியார் இழந்த கருவுக்கும் அவளுடைய கருவுக்கும் இரண்டு வாரமே வித்தியாசம். தன் மகிழ்ச்சியைக் காட்டவும் அஞ்சி, எதிரே வரவும் தயங்கி ஒதுங்கியிருந்தாள். பன்னிரண்டாம் வார ஸ்கேனுக்கு அவளை அழைத்துப் போக ஆளில்லை, கணவர் வெளிநாட்டில். நம் துணைவியார் புர்காவை எடுத்து அணிந்துகொண்டார்கள். "வேணாம் லாத்தா, உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்" என்றாள் அவள். "கஷ்டமாத்தான் இருக்கும். அதுக்காக உன்னைத் தனியா அனுப்புவேனா?" என்று சொல்லிக் கிளம்பினார்கள்.

அன்று மாலை திரும்பி வந்து, "கையைக் காலை ஆட்டுது, மாஷா அல்லாஹ்" என்று நம்மிடம் சொன்னார்கள். சொல்லிவிட்டு அழுதார்கள். நாம் பயான் செய்யவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம்.

நாம் செய்ய வேண்டியவை

பெரிய வேலை ஒன்றும் இல்லை. சகோதரிகளே, உங்கள் தெருவில் கருவுற்றிருப்பவளுக்கு ஒரு நாள் சோறு ஆக்கிக் கொடுங்கள். ஸ்கேனுக்குத் துணை போங்கள். அச்சமூட்டும் கதைகளை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். முடிவுக்காகக் காத்திருக்கும் நாள்களில் ஒரு தடவையாவது எட்டிப் பாருங்கள். மாமியார்மார்களே, வாந்தியால் துவண்டவளைச் சோம்பேறி என்னாதீர்கள். தாய் பலவீனத்தின் மேல் பலவீனத்தோடு சுமப்பதைக் குர்ஆனே சாட்சி சொல்கிறது. கணவன்மார்களே, கடையை ஒரு வேளை அடைத்தால் ரிஸ்க் குறைந்துவிடாது. வெளிநாட்டில் இருப்பவர் போனிலாவது விசாரியுங்கள். வசதியற்ற பெண்களுக்கு ஜமாஅத்தார் ஸதகாவிலிருந்து உதவட்டும். 2016 முதல் ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை நடைபெறுவதையும் எடுத்துச் சொல்லட்டும்.

ஒரு முஃமினின் துன்பத்தை இவ்வுலகில் நீக்கியவரின் துன்பத்தை மறுமையில் அல்லாஹ் நீக்குவான் என்று நபிமொழி வாக்களிக்கிறது. ஒரு தூக்குச் சட்டிக் கஞ்சிக்கும், ஒரு கைப்பிடிப்புக்கும் அந்தக் கூலி உண்டென்றே நம்புகிறோம்.

யா அல்லாஹ்! கருவைச் சுமக்கும் எங்கள் சகோதரிகளின் உள்ளங்களை மூஸா (அலை) அவர்களின் தாயாருடைய உள்ளத்தைப் போல் உறுதிப்படுத்துவாயாக! நலமான ஸாலிஹான குழந்தைகளை அவர்களுக்கு அருள்வாயாக! இழந்தவர்களின் கண்ணீரை நன்மையாக எழுதுவாயாக! ஏங்கி நிற்பவர்களின் மடியை நிரப்புவாயாக! கலங்கி நிற்பவர் பக்கத்தில் உட்காரும் பக்குவத்தை எங்கள் அனைவருக்கும் தந்தருள்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்!

வஸ்ஸலாம்.