லோகோஸும் பொருளும்: ஆதித் திருச்சபையில் கிரேக்க மெய்யியல்

புதிய ஏற்பாடு எழுதப்பட்ட மொழி கிரேக்கம். அதன் சொற்கள் பலவும் கிறிஸ்தவம் தோன்றுமுன்பே மெய்யியலாளர்களிடம் பழகியவை. யோவான் நற்செய்தியின் தொடக்கத்தில் வரும் 'லோகோஸ்' அவற்றுள் முதன்மையானது. பேச்சு, கணக்கு, காரணம், அறிவு எனப் பல பொருள் தரும் சொல் இது. கி.மு. 500 அளவில் எபேசில் வாழ்ந்த ஹெராக்ளிட்டஸ், மாறிக்கொண்டே இருக்கும் உலகின் அடியில் உள்ள ஒழுங்கை இச்சொல்லால் குறித்தார். ஸ்டோயிக்குகள் என்னும் கிரேக்க மெய்யியல் பள்ளியினர் அதைப் பிரபஞ்சம் முழுதும் ஊடுருவிய அறிவாகக் கண்டனர். இயேசுவின் காலத்தவரான அலெக்சாண்டிரியா யூத அறிஞர் ஃபிலோ, கடவுளுக்கும் படைப்புக்கும் நடுவே லோகோஸை வைத்தார். யோவானின் சொல்லில் எபிரேய மறையின் கருத்துகளும் கலந்துள்ளன. ஆனால் லோகோஸ் மனிதரானார் என்ற கூற்று எந்தக் கிரேக்கப் பள்ளியிலும் இல்லாதது.

2ஆம் நூற்றாண்டில், கிறிஸ்தவரான பின்னும் மெய்யியலாளரின் மேலங்கியைக் களையாத ஜஸ்டின், லோகோஸின் விதை எல்லா மனிதரிடமும் உண்டு என்றார். சாக்ரடீஸைப் போல அறிவின்படி வாழ்ந்தவர்களை அவர் கிறிஸ்தவர்களோடு சேர்த்தே எண்ணினார்.

அதே நூற்றாண்டின் இறுதியில் அலெக்சாண்டிரியாவின் மறைக்கல்விப் பள்ளியை நடத்திய பாந்தேனஸ், முன்னர் ஸ்டோயிக் நெறியில் பயின்றவர். அவர் இந்தியாவுக்கு வந்ததாகவும், திருத்தூதர் பர்த்தலோமேயு விட்டுச்சென்ற மத்தேயு நற்செய்தியை எபிரேய எழுத்தில் இங்கே கண்டதாகவும் 4ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் யூசேபியஸ் எழுதுகிறார். அந்த இடம் கல்யாண் பகுதி என்று அறிஞர் ஏ. சி. பெருமாலில் வாதிட்டார். மும்பையின் மாட்டுங்கா வழியே செல்லும் மத்திய ரயில் தடத்தில் இருக்கும் அதே கல்யாண்தான் இது. அன்றைய வழக்கில் 'இந்தியா' என்பது அரேபியாவையும் குறித்திருக்கலாம் என்பது எதிர்த்தரப்பின் வாதம். பாந்தேனஸின் மாணவர் கிளெமென்ட், யூதருக்குத் திருச்சட்டம் போலக் கிரேக்கருக்கு மெய்யியல் கிறிஸ்துவிடம் கொண்டுசேர்க்கும் ஆசானாக இருந்தது என்றார்.

மெய்யியலின் தாக்கம் மிக ஆழமாகப் பதிந்தது மறைநூலை வாசிக்கும் முறையில். ஹோமரின் காவியங்களில் தேவர்கள் சண்டையிடும் காட்சிகளை இயற்கை ஆற்றல்களின் உருவகமாக ஸ்டோயிக்குகள் விளக்கினர். ஃபிலோ அம்முறையை மோசேயின் நூல்களுக்குப் பொருத்தினார். 3ஆம் நூற்றாண்டில் ஒரிஜென் அதை முழு விவிலியத்துக்கும் விரித்தார். கதிரவன் படைக்கப்பட்டது நான்காம் நாள். அப்படியிருக்க முதல் மூன்று நாள்களுக்கு மாலையும் காலையும் எப்படி வந்தன? எழுத்துப்பொருள் இடறும் இத்தகைய இடங்கள் ஆழ்ந்த பொருளைத் தேடவே வைக்கப்பட்டவை என்பது அவர் விடை. மனிதருக்கு உடல், உயிர், ஆவி இருப்பதுபோல மறைநூலுக்கும் மூன்று பொருள் நிலைகள் உண்டு என்றார்.

எதிர்ப்பும் எழுந்தது. ஏதென்ஸுக்கும் எருசலேமுக்கும் என்ன உறவு என்று கார்த்தேஜின் தெர்த்துல்லியன் கேட்டார். ஆனால் ஆன்மாவை அவரே ஸ்டோயிக் கொள்கைப்படி உடல்தன்மை கொண்டதாகவே கருதினார். அந்தியோக்கியாப் பள்ளி, உருவகத்தை ஒதுக்கி வரலாற்றுப் பொருளை வலியுறுத்தியது. அப்பள்ளியின் மொப்சுவெஸ்தியா தியோடர் பாரசீகத் திருச்சபையின் தலைமை உரையாசிரியராக மதிக்கப்பட்டார். 6ஆம் நூற்றாண்டுப் பயணி காஸ்மாஸ் குறிப்பிடும் 'கல்லியானா' ஆயர் அத்திருச்சபையிலிருந்து நியமிக்கப்பட்டவர். கல்யாணோடு தொடர்புபடுத்தப்படும் இரு செய்திகளில் ஒன்று அலெக்சாண்டிரியாவுக்கும் மற்றொன்று அந்தியோக்கிய மரபுக்கும் இட்டுச்செல்கிறது.

மெய்யியல் சொல் விசுவாச அறிக்கையிலும் இடம்பெற்றது. 325இல் ஆயர்களின் நைசீயா சங்கம் கூடியது. இறைமகன் படைக்கப்பட்டவர் என்ற ஆரியஸின் போதனையே அங்கே சர்ச்சைப்பொருள். விவிலிய வசனங்களை இரு தரப்பும் காட்ட முடிந்ததால், விவிலியத்தில் இல்லாத 'ஹோமோஊசியோஸ்' (ஒரே ஊசியா உடையவர்) என்ற சொல்லைச் சங்கம் ஏற்றது. இதன் வேர்ச்சொல் 'ஊசியா'. மெய்யியலில் அது உள்ளியல்பு. அன்றாடப் பேச்சில் சொத்து. லூக்கா நற்செய்தியில் ஊதாரி மகன் கேட்டுப் பெறும் பங்கும் 'ஊசியா'தான். தமிழின் 'பொருள்' என்ற சொல்லும் செல்வம், உள்ளீடு இரண்டையும் குறிக்கும். கத்தோலிக்கர் தமிழில் சொல்லும் நைசீய விசுவாச அறிக்கை மகனைத் தந்தையோடு 'ஒரே பொருளானவர்' என்கிறது.

'லோகோஸ்' அவ்வளவு எளிதாகத் தமிழில் அமையவில்லை. மும்பையின் தாராவி, செம்பூர் போன்ற பகுதிகளின் தமிழ் வழிபாடுகளில் யோவானின் முதல் வசனம் வாசிக்கப்படும்போது, புராட்டஸ்டன்ட் மொழிபெயர்ப்பில் 'வார்த்தை' என்றும், 1995இல் வந்த திருவிவிலியத்தில் 'வாக்கு' என்றும் ஒலிக்கிறது. இரண்டும் பேச்சைத் தருகின்றன. அறிவு, ஒழுங்கு என்ற பக்கம் விடுபடுகிறது. பாளையங்கோட்டையில் 1891இல் பிறந்த கிறிஸ்தவ இறையியலாளர் ஏ. ஜே. அப்பாசாமி லோகோஸை இராமானுசரின் 'அந்தர்யாமி' கொண்டு விளக்கினார்: உலகில் உள்நின்று இயக்கும் இறைவனே லோகோஸ். ஸ்டோயிக் கருத்துகளை அலெக்சாண்டிரியர் கையாண்டதுபோல, இவர் இராமானுசரின் விசிட்டாத்வைதத்தைக் கையாண்டார்.