மிச்சமான ஐயாயிரம்

கார் இருக்கைகளுக்கு நாமே உறை தைத்துக்கொண்டால் காசு மிச்சம் என்று சொல்கிறவர்கள் கணக்கில் ஒரு வரியை எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். என் கணக்கையே பார்க்கலாம். பழைய மாருதி 800. முன்னிருக்கைகள் இரண்டுக்கும் புது உறை தைத்து மாட்ட வெளியே கேட்டது 8,000 ரூபாய். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ரெக்சின், மெல்லிய ஃபோம், நைலான் நூல், பசை எல்லாம் வாங்க ஆனது 3,000. ஆக மிச்சம் 5,000. விடுபட்ட வரி: நான்கு வார இறுதிகள், 31 மணி நேரம்.

பொருளாதாரம் படித்த நண்பன் இதற்கு ரிக்கார்டோவைக் கூப்பிட்டான். அவரவருக்கு ஒப்பீட்டளவில் எது நன்றாக வருமோ அதைச் செய்து, மற்றதைப் பரிமாறிக்கொண்டால் இரண்டு பேருக்கும் லாபம்னு 1817-லயே சொல்லியாச்சு. நீ கோட் எழுது, அவர் தைக்கட்டும் என்றான். வாதம் சரிதான். ஆனால் சனிக்கிழமை மதியம் என் நேரத்தை விலைக்கு வாங்க யாரும் மயிலாப்பூர் வாசலில் வந்து நிற்பதில்லை. என் கை வேலைக்கு நான் பூஜ்யம் போட்டுக்கொள்ளலாம், அது என் உரிமை. சிக்கல் என்னவென்றால் அந்தப் பூஜ்யம் என்னோடு நிற்பதில்லை. ‘மெட்டீரியலே மூவாயிரம்தான், இதுக்கு எட்டாயிரமா?’ என்ற கேள்வி அங்கிருந்துதான் கிளம்புகிறது. அதை நானே எத்தனையோ கடைகளில் எத்தனையோ பொருளுக்குக் கேட்கப் பார்த்திருக்கிறேன், நண்பர்கள் வாயிலிருந்து. கெட்டிக்காரத்தனம் என்றே அதற்குப் பெயர்.

வேலை என்னவென்று கொஞ்சம் சொல்ல வேண்டும். இருக்கையைக் கழற்றுவது பெரிய விஷயமில்லை, தரையில் இருக்கும் போல்ட்டுகளை எடுத்தால் வந்துவிடும். 1983 டிசம்பரில் சாலைக்கு வந்து 2014-இல் உற்பத்தி நின்ற இந்த வண்டி அந்த வகையில் எளிமையானது. இருக்கைக்குள் ஏர்பேக் வைத்த புது வண்டியாக இருந்தால் தொட்டிருக்க மாட்டேன். அதில் ஒரு குறிப்பிட்ட தையல், விபத்து நேரத்தில் சரியாகக் கிழிய வேண்டும் என்பதற்காகவே தைக்கப்பட்டது. அங்கே சிக்கனம் பேசுவது பக்கத்தில் உட்காருகிறவரின் உயிரை வைத்து விளையாடுவது.

பழைய உறை ஃபோமோடு சின்னச் சின்னக் கம்பி வளையங்களால் பிணைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றாக வெட்டி உறையை உரித்து, பிளேடால் தையலைப் பிரித்தால் நமக்குக் கிடைப்பது துண்டு துண்டான ஒரு வரைபடம். அந்தத் துண்டுகள்தான் பேட்டர்ன். ரெக்சினைத் திருப்பிப் போட்டு, அவற்றை மேலே வைத்து, சாக்பீஸால் வரைந்து வெட்ட வேண்டும். ரெக்சின் ஒரு பக்கமாக இழுத்தால் நீளும், இன்னொரு பக்கமாக அவ்வளவு நீளாது. எந்தத் துண்டு எந்தத் திசையில் வைக்கப்படுகிறது என்பதில்தான் ஆறு மாதம் கழித்துச் சுருக்கம் விழுமா விழாதா என்பது இருக்கிறது. துணியில் தையல் கோணினால் பிரித்துத் திரும்பத் தைக்கலாம். ரெக்சினில் ஊசி ஒருமுறை இறங்கினால் ஓட்டை ஓட்டைதான். நாளெல்லாம் கன்ட்ரோல் இசட் அழுத்திப் பிழைப்பவனுக்கு இது புது அனுபவம். நாலு மடிப்பு சேரும் மூலையில் பாட்டியின் மெரிட் மிஷின் திணறும், அங்கே சக்கரத்தைக் கையால் சுற்றி ஒவ்வொரு தையலாகப் போட வேண்டும். தைத்த உறையை மாட்டும் முன் மொட்டை மாடி வெயிலில் அரை மணி நேரம் போட்டால் இளகிக்கொடுக்கும். சென்னை இந்த ஒரு வேலைக்காவது உதவுகிறது.

முடித்ததும் அந்த இருக்கை உலகத்திலேயே அழகான இருக்கையாகத் தெரிந்தது. இதை நான் நம்பவில்லை. 2012-இல் நார்ட்டன், மோச்சன், ஏரியலி மூவரும் ‘ஐகியா விளைவு’ என்று ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். தாங்களே மடித்த காகித உருவங்களுக்கு, தேர்ந்த கலைஞர்கள் மடித்தவற்றுக்கு நிகரான விலையை ஆட்கள் மதிப்பிட்டார்கள். மற்றவர்களும் அப்படித்தான் மதிப்பார்கள் என்று வேறு நினைத்தார்கள். ஆகவே என் பெருமிதத்தைச் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது.

என்னை அதிகம் உறுத்தியது வேறொன்று. பார்க்கிங்கில் ரெக்சினை விரித்து உட்கார்ந்திருந்தபோது பெரியம்மா வந்தார். “நமக்கெதுக்குடா இந்த வேலையெல்லாம்?” அப்புறம் கொஞ்சம் குனிந்து, குரலைத் தாழ்த்தி, “தோல் இல்லையே?”

“இல்ல பெரியம்மா, ரெக்சின்.”

“அப்ப சரி.”

அந்த ‘நமக்கு’க்குள் யாரெல்லாம் இருக்கிறார்கள், யார் இல்லை என்று எங்கள் இருவருக்குமே தெரியும். பிளாஸ்டிக் பூசிய துணி என்பதால் நான் தப்பித்தேன். அடையாறில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் 1948 முதல் இருக்கிறது. அங்கே தோலை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கினால் பெரியம்மாவே சொந்தக்காரர்களுக்கு போன் போட்டுச் சொல்வார். ஆராய்ச்சி செய்யலாம். கையில் எடுத்துத் தைப்பதுதான் ‘நமக்கெதுக்கு.’

காந்தி செருப்புத் தைத்த கதை எல்லோருக்கும் தெரியும். காலன்பாக் மரியன்ஹில் துறவிமடத்தில் கற்று வந்து அவருக்குச் சொல்லிக்கொடுத்தார். தென்னாப்பிரிக்கச் சிறையில் தைத்த ஒரு ஜோடியை 1914-இல் ஜெனரல் ஸ்மட்ஸுக்குப் பரிசளித்தார். ஸ்மட்ஸ் பல கோடைகள் அதை அணிந்துவிட்டு, அவ்வளவு பெரிய மனிதரின் செருப்பில் நிற்கத் தனக்குத் தகுதியில்லை என்று 1939-இல் காந்தியின் எழுபதாவது பிறந்தநாளை ஒட்டித் திருப்பி அனுப்பினார். நெகிழ்ச்சியான கதைதான். ஆனால் ஸ்மட்ஸ் வணங்கியது தையலை இல்லையே. ஒரு பாரிஸ்டர் தைத்தார் என்பதைத்தானே. அதைவிட நல்ல செருப்பைத் தலைமுறை தலைமுறையாகத் தைத்தவர்களை எந்த ஊர்த் தெருவுக்குள்ளும் அந்தச் செருப்போடு நடக்க விடவில்லை. காந்தியைக் குறை சொல்வது என் நோக்கமில்லை, வேலையைத் தொடாமல் பேசியவர்களைவிட அவர் எவ்வளவோ மேல். ஆனாலும் விட்டுப்போகக்கூடியவன் செய்யும் வேலைக்கும், விடவே முடியாதவன் செய்யும் வேலைக்கும் ஒரே பெயர் வைக்க எனக்கு வாய் வரவில்லை. என்னைப் பார்த்து “சூப்பர் ப்ரோ, ஹாபியா?” என்கிறார்கள். குஷன் ஒர்க்ஸ் கடைக்காரரிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை.

பின்னிருக்கையை வெளியே கொடுத்துவிடுவது என்று முன்பே முடிவு செய்திருந்தேன். புதுப்பேட்டைப் பக்கம் ஒரு சின்ன குஷன் ஒர்க்ஸ். அண்ணனுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும், என்னை ‘சார்’ என்றுதான் கூப்பிட்டார். “நாலாயிரம் ஆகும் சார்.” கூட வந்த நண்பன் ஆரம்பித்துவிட்டான். “மெட்டீரியல் எவ்ளோண்ணே ஆகும்?”

அவர் பதில் சொல்லாமல் வண்டிக்குள் தலையை விட்டு முன்னிருக்கைத் தையலில் விரலை ஓட்டினார். “இது யாரு தச்சது?”

“நான்தாண்ணே.”

“வீட்டு மிஷின்லயா?”

“ஆமாண்ணே.”

இருக்கைக்கு அடியில் கையை விட்டு வளையங்களைத் தடவிப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “மூணாயிரத்து ஐநூறு குடுங்க சார்” என்றார்.

அந்த 500 ரூபாய் எதற்கு என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. வேலை தெரிந்தவனுக்கு வேலை தெரிந்தவர் விட்டுக்கொடுத்ததாக இருக்கலாம். அடக்க விலை தெரிந்த ஆளிடம் கூடக் கேட்டால் சண்டை வரும் என்று பயந்து குறைத்ததாகவும் இருக்கலாம். இரண்டாவதாக இருந்தால், என் 31 மணி நேரமும் சேர்ந்து அவர் கூலியில் கை வைத்திருக்கிறது. கேட்டுத் தெரிந்துகொள்ளும் விஷயமும் இல்லை.

மறுநாள் சாயங்காலம் வண்டியை எடுக்கும்போது நாலாயிரமாகவே கொடுத்தேன். எண்ணிப் பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார், சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த இருக்கையைப் பிரிக்க உட்கார்ந்துவிட்டார்.