தட்டில் நின்ற குரல்

செங்கோட்டை கிட்டப்பா 1933இல் இறந்தபோது வயது 27. அவரை மேடையில் பார்க்காதவர்கள்தான் இன்று அவர் இசைத்தட்டுகளைக் கேட்கிறோம். இதைப் பழமை மோகம் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. பார்த்தேயிராததன் மேல் ஏக்கம் எப்படி வரும்?

ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசித் தரை டிக்கெட்காரனை எட்டுவதற்காக உருவான குரல் அது. ஒலிப்பதிவு அறையில் அவன் இல்லை. தொண்டைக்கு அது தெரியவில்லை. விடிய விடிய நடந்த நாடகத்திலிருந்து அறுத்தெடுத்த மூன்று நிமிஷத்திலும் அந்த எட்டிப்பிடிக்கும் வேகம் அப்படியே இருக்கிறது. வேறு யாருக்கோ பாடியதை நாம் ஒட்டுக்கேட்கிறோம். நம்மை வசப்படுத்த அது முயலவில்லை. வசப்படுவது அதனால்தான் என்று எனக்குப் படுகிறது.

சங்கடமும் இங்கேதான். சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணத்தை ஸ்பெஷல் நாடகக்காரர்கள் கரிசல்காட்டுக் கோயில் கொடைகளில் இன்றும் ஆடுகிறார்கள். கோவில்பட்டிக்குப் பக்கத்து ஊரொன்றில், இரவு இரண்டு மணிக்குத் தொண்டை கட்டிப்போன ராஜபார்ட்டைக் கேட்டுவிட்டு, ‘கிட்டப்பா மாதிரி வருமா’ என்கிறோம். களைக்காத, வயதாகாத, சம்பளம் கேட்காத ஒருவரை அவன் எதிரே நிறுத்துகிறோம். கிட்டப்பாவுக்கும் தொண்டை கட்டிய இரவுகள் இருந்திருக்கும். அவை தட்டில் ஏறவில்லை, அவ்வளவே.

அவரோடு வள்ளியாக நடித்த கே.பி. சுந்தராம்பாள் 1980 வரை இருந்தார். ‘திருவிளையாடல்’ (1965) படத்தில் முதிர்ந்துவிட்ட அவர் குரலைக் கேட்கிறோம். முதுமையையும் சேர்த்தே ரசிக்கிறோம். இந்தத் தாராளம் ராஜபார்ட்டுக்குக் கிடைப்பதில்லை. எதிரே பாதிப்பேர் தூங்கிவிட்டார்கள். விழித்திருக்கும் மீதிப்பேருக்காக அவன் விடியும்வரை பாடியாக வேண்டும்.